ஒரே தொனியில் வந்த போன்

என் பிரியத்துக்குரிய மச்சான் சேகருக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "ம், இருக்கேன் மாமா." கால் ஒடிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்த அன்றும் அதைத்தான் சொன்னாய். புது வண்டி எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்திய அன்றும் அதைத்தான் சொன்னாய்.

நான் இப்போது கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் முதல் மாடி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். மணி இரண்டாகப் போகிறது. என் மகள், உன் மருமகள் கயல் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கிறாள். குடல்வால் வெடித்துவிட்டதாம். உள்ளே கொண்டுபோய் முக்கால் மணி நேரம் ஆகிறது. பெஞ்சின் அந்தக் கோடியில் உன் அக்கா. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். பையில் கடையிலிருந்து அவசரத்தில் அள்ளிப் போட்டு வந்த காகிதங்கள் இருந்தன. ஒரு பக்கம் அச்சடித்தது, மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில் உனக்கு எழுதுகிறேன். சும்மா உட்கார்ந்திருந்தால் அந்தக் கதவைத் தட்டிவிடுவேன் போலிருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு மூன்றாம் வருஷ நினைவு நாள். இரண்டு வருஷமாக உன் நினைவஞ்சலி அட்டையை நான்தான் டிசைன் செய்து அடித்தேன். ஊரில் பாதிப் பேருக்கு நான்தானே அடித்துத் தருகிறேன். போட்டோவும் பெயரும் மாறும், கீழே வருகிற நாலு வரி மாறாது, கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கும். இந்த வருஷம் அந்த நாலு வரி வேண்டாம். இந்தக் கடிதத்தையே அடித்து, அட்டை வாங்க வருகிற சொந்தக்காரர்கள் அத்தனை பேர் கையிலும் கொடுக்கப் போகிறேன். அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதில் ஒன்று இருக்கிறது.

காலையில் நடந்ததிலிருந்து சொல்கிறேன்.

சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போகிற ரோட்டில் என் டைப்பிங், ஜெராக்ஸ் கடை அப்படியேதான் இருக்கிறது. ஆறு மாதமாக ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்து போகிறாள். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருளும், அதை எங்கெங்கே எப்படிச் சொல்வது என்பதும் கையால் எழுதிக்கொண்டு வருவாள், நான் டைப் செய்து தருவேன். இன்றைக்கு வந்த பக்கத்தில் ‘மோனோடோன்’ என்று ஒரு சொல் இருந்தது.

ஒரே தொனி, ஏற்ற இறக்கம் இல்லாத குரல் என்று பொருள் எழுதியிருந்தாள். கீழே ஒவ்வொரு பயன்பாடாகக் கொடுத்திருந்தாள். சங்கீதத்தில் என்றால் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பது, நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் நிற்பாரே அந்த மாதிரி. படம் வரைவதில் என்றால் ஒரே நிறத்தில் தீட்டுவது. வாழ்க்கையைச் சொன்னால் மாறுதல் இல்லாமல் ஓடுவது. பேச்சுக்கு மட்டும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் போட்டிருந்தாள்: ‘அவர் ஒரே தொனியில் பேசினார்; கேட்டவர்கள் தூங்கிவிட்டார்கள்.’

அதை அடிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன சார் என்றாள் அந்தப் பெண். எனக்கு ஒரு மச்சான் இருந்தார், இந்த வார்த்தைக்குப் படம் போட வேண்டும் என்றால் அவர் போட்டோவைப் போடலாம் என்றேன். அதோடு விட்டேனா? உன்னை மாதிரிப் பேசியும் காட்டினேன். அவளும் சிரித்தாள். செத்து மூன்று வருஷம் ஆனவனை வைத்துச் சிரிக்கிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கயல் போன் செய்தாள்.

உனக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டும். கயல் இப்போது கடலூரில் ஒரு காலேஜில் முதல் வருஷம் படிக்கிறாள், மஞ்சக்குப்பத்தில் ஹாஸ்டல். நீ இருந்திருந்தால் தேவனாம்பட்டினம் ரோட்டில் உன் வீட்டிலேயே தங்கியிருப்பாள். இன்னொன்று, வளர வளர அவள் குரல் உன் குரல் ஆகிவிட்டது. சின்ன வயதில் கத்திக்கொண்டு திரிந்த பெண்தான். பத்தாம் வகுப்புக்கு மேல் ஏற்றமும் போயிற்று, இறக்கமும் போயிற்று. ப்ளஸ் டூ மார்க் வந்த அன்று, "பாஸுப்பா, நல்ல மார்க்கு" என்றாள். மாவு தீர்ந்துபோச்சு என்று சொல்வது போல இருந்தது. தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தினீர்கள் இல்லையா, அங்கேயே ஒட்டிக்கொண்டது என்று உன் அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

போனில் அவள் சொன்னது இவ்வளவுதான்.

"அப்பா, வயிறு கொஞ்சம் வலிக்குது. முந்தாநாளுல இருந்து. நீங்க வரீங்களா. அவசரம் இல்ல."

என் கை கீபோர்டு மேலேயே நின்றுவிட்டது. அந்தக் கடைசி வார்த்தைகளை அதே குரலில் நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். கயலுக்கு அது தெரியாது, உன் அக்காவுக்குத் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், நீயும் இல்லை.

அந்தப் பெண்ணைப் போகச் சொல்லிவிட்டுக் கடையைச் சாத்தினேன். ஹாஸ்டல் வார்டனுக்குப் போன் போட்டால், இப்பதான் சார் பாத்தேன், நல்லாத்தான் பேசுது, கொஞ்சம் டயர்டா இருக்கு என்றார். வீட்டுக்கு ஓடினேன்.

உன் அக்கா இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். மோட்டாருக்கு நீ செம்புக் கம்பிக் காயில் கட்டிக் கொடுத்த கிரைண்டர்தான், இன்னும் சீராக ஓடுகிறது. கயலைப் பார்க்க உடனே கிளம்ப வேண்டும் என்றேன். அவள் கையில் மாவோடு சிரித்தாள். செமஸ்டர் வருகிறது, அதற்குத்தான் இந்த வயிற்று வலி என்றாள். காலையில் தன்னோடும் பேசினாளாம், நன்றாகத்தான் பேசினாளாம். ஓமத்தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், சனிக்கிழமை வந்துவிடுவாள் என்றாள்.

"வலி இருந்தா கொரல்ல தெரியாதா? பெத்தவ எனக்குத் தெரியாதா?"

எனக்கு இரண்டு வழி இருந்தது. அவளை விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்பி வந்திருக்கலாம். ஆனால் கயல் என்னிடம் என்ன சொல்லப் போகிறாள்? வயது வந்த பெண், வயிற்று வலி, அம்மா பக்கத்தில் இருந்தால்தான் நாலு வார்த்தை வரும். என்னைக் கேட்டால் அதுவும் ஒரு சாக்குதான். உண்மை என்னவென்றால், மூன்று வருஷமாக நெஞ்சில் வைத்திருந்தது அந்த நிமிஷம் வெளியே வந்துவிட்டது.

"சேகரு அன்னிக்கு எனக்குப் போன் பண்ணான் செல்வி" என்றேன்.

"என்னிக்கு?"

"அன்னிக்குத்தான்."

அவள் கிரைண்டரை நிறுத்தினாள். அத்தனை நேரம் அந்தச் சத்தம் இருந்ததே நிறுத்தின பிறகுதான் தெரிந்தது. கையைக் கழுவினாள், புடவை மாற்றினாள். மாவு பாதி அரைபட்டபடி கிடந்தது. கத்துவாள், என் சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று நினைத்தேன். உன் அக்கா குரல் தெரு முழுக்கக் கேட்கிற குரல் இல்லையா? வாசலில் நின்று, "கெளம்புங்க" என்று மட்டும் சொன்னாள். அது உன் குரல் மாதிரி இருந்தது மச்சான்.

பஸ்ஸில் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே கடலூர் வரை வந்தேன். வழியெல்லாம் உன் நினைப்புதான்.

எத்தனை வருஷம் உன் பேச்சைப் பேசிக் காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன்? கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, எங்கே நாலு பேர் கூடினாலும், சேகர் மாதிரி பேசிக் காட்டுங்க என்பார்கள். நீயும் அங்கேயே உட்கார்ந்து பார்ப்பாய். நல்லாருக்கு மாமா என்பாய், அதுவும் அதே தொனியில்தான், அதற்கு இன்னொரு சிரிப்பு. உனக்கு அது வலித்ததா? வலித்திருந்தாலும் நாங்கள் எப்படிக் கண்டுபிடித்திருப்போம்?

மூன்று இடத்தில் உனக்குப் பெண் பார்த்தோம். வடலூர்ப் பெண்ணை உனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று அவர்கள் கேட்டதற்கு, "ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாய். மாப்பிள்ளைக்கு இஷ்டம் இல்லை போலிருக்கிறது, வீட்டுக்காரர்கள் கட்டாயத்தில் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அதையும் நான் பேசிக் காட்டினேன்.

சுனாமி வந்த அன்று எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம். நீ பக்கத்து மாடியிலிருந்து யாருடைய போனையோ வாங்கி அக்காவைக் கூப்பிட்டாய். கடல் உள்ளே வந்துவிட்டது, நான் மாடியில் நிற்கிறேன், கீழே வீடு இல்லை என்றாய். அவள் அடுப்பில் ஏதோ வைத்திருந்தாள், சரி சரி அப்புறம் பேசு என்று வைத்துவிட்டாள். அரை மணி கழித்து டிவியைப் பார்த்துவிட்டுத்தான் அலறினாள். அன்றைக்கே நாங்கள் கற்றிருக்க வேண்டும். நீ பிழைத்து வந்துவிட்டாய் என்பதால் அது ஒரு வேடிக்கைக் கதையாகப் போய்விட்டது. ‘கீழ வீடு இல்லக்கா’ என்பதை நான் எத்தனை பந்தியில் சொல்லிச் சிரிக்க வைத்தேன் என்று கணக்கே இல்லை.

இதில் பெரிய கொடுமை, உன் வேலையே சத்தம் கேட்கிற வேலை. கம்மாபுரத்திலிருந்து ஒரு விவசாயி போனில் கூப்பிட்டு மோட்டார் சரியாக ஓடவில்லை என்பார். போனை மோட்டார்கிட்ட வைங்க என்பாய். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, சுதி மாறுது, பேரிங் போவப் போவுது, நிறுத்திடுங்க என்பாய். முப்பது மைலுக்கு அப்பாலிருக்கிற இரும்பின் கஷ்டம் உனக்குக் கேட்கும். சத்தம் மாறினால் பழுது, மாறாமல் ஓடினால் நல்லபடியாக இருக்கிறது என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். நான் அதைக் கொண்டுபோய் உன்மேலேயே வைத்துப் பார்த்தேன். நீ மோட்டார் இல்லையே மச்சான்.

அந்த நாளைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லாரும் படிக்கட்டும்.

ஐப்பசி மழை. காலை பதினொரு மணி இருக்கும். பிராஜெக்ட் கொடுக்கக் கடைசி நாள் என்று கடை முழுக்கப் பிள்ளைகள், பிரிண்டர் வேறு பேப்பரைக் கடித்துக்கொண்டு நின்றது. நீ கூப்பிட்டாய். மூன்று வாக்கியம் சொன்னாய். மழை விடட்டும்டா, சாயங்காலம் வர்றேன் என்றேன். சரி மாமா என்று வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிடவில்லை.

மழை மூன்று மணிக்கே விட்டுவிட்டது. நான் கிளம்பவில்லை. இன்னும் நாலு பேருக்கு பைண்டிங் போட வேண்டியிருந்தது, நாளைக்குப் போய்க்கொள்ளலாம், குரலில் ஒன்றும் இல்லையே என்று இருந்துவிட்டேன். சாயங்காலம் டீ கொண்டுவந்த கடைக்காரர்தான் பார்த்திருக்கிறார், பட்டறையில் காயில் சுற்றுகிற மேஜைக்குப் பக்கத்தில் நீ சாய்ந்து கிடந்ததை. ஹார்ட் அட்டாக் என்றார்கள். முன்னாடியே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று ஒரு டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே.

உன்னைக் கூடத்தில் போட்டிருந்தபோது உன் அக்கா மாரில் அடித்துக்கொண்டு ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள். "யாருக்காவது ஒரு போன் பண்ணக் கூடாதாடா? ஒரு போன் பண்ணக் கூடாதா?" அந்தப் போன் என் சட்டைப் பையில் இருந்தது. கொல்லைப்பக்கம் போய், நீ கூப்பிட்டதாகக் காட்டிய அந்த ஒரு வரியை அழித்தேன். திரும்பி வந்து அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். மூன்று வருஷமாக அவள் அந்தக் கேள்வியை விடவில்லை. ஒவ்வொரு திவசத்துக்கும் உன் படத்தைப் பார்த்துக் கேட்பாள், நான் பக்கத்தில் நின்று கற்பூரம் ஏற்றுவேன்.

இதுதான் மச்சான் நான். இதை உன்னிடம் சொல்லத் தேவையில்லை, உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஹாஸ்டலுக்குப் போனபோது கயல் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். "வந்துட்டீங்களா" என்றாள். நெற்றி கொதித்தது. ஆட்டோவில் இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். வழியெல்லாம் உன் அக்கா அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கேஷுவாலிட்டியில் சின்ன வயது டாக்டர் ஒருவர், எங்கேம்மா வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேட்டார். "இங்க. கொஞ்சம்" என்றாள் இவள். அவர் எங்களைப் பார்த்தார், கேஸ் டிரபிளாக இருக்கும், ஓர் ஊசி போட்டு அனுப்பலாம், நாளைக்கும் இருந்தால் பார்க்கலாம் என்று சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

அந்த டாக்டர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் செய்ததைத்தானே அவரும் செய்யப் போனார்?

உன் அக்காதான் அவர் எழுதுகிற கையைப் பிடித்தாள்.

"சார், இவ கொஞ்சம்னு சொன்னா ஜாஸ்தின்னு அர்த்தம். எங்க வீட்ல அப்படி ஒருத்தன் இருந்தான். கொரலப் பாக்காதீங்க, அவ கால் வெரலப் பாருங்க."

டாக்டர் வயிற்றை மறுபடி அழுத்தினார். கயல் முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் கால் விரல்கள் பத்தும் உள்பக்கமாக மடங்கிக்கொண்டன. அவர் பேனாவை வைத்துவிட்டு ஸ்கேனுக்கு ஆள் கூப்பிட்டார். இத்தனை வருஷமும் நான் உன் உதட்டைத்தான் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. உனக்கும் எங்கேயாவது விரல் மடங்கியிருக்கும்.

மச்சான், ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது. ஒரு நர்ஸ் வெளியே வந்து ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? பார்க்காமல் போவது நல்லதா கெட்டதா? பக்கத்துப் பெஞ்சில் ஒரு குடும்பம் புளிசாதம் சாப்பிடுகிறது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மன்னிப்பு கேட்கவில்லை, அதற்கு எனக்கு வாயில்லை. நீ அங்கே யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லு, என் மருமகளை விட்டுவிடுங்கள் என்று சொல்லு. உன் வழக்கப்படி சொல்லித் தொலைக்காதே, அவர்களும் மழை விடட்டும் என்று இருந்துவிடுவார்கள். ஒரே ஒரு தடவை கத்திச் சொல்லு. இத்தனை வருஷம் கத்தாமல் சேர்த்து வைத்தாயே, அதையெல்லாம் போட்டுக் கத்து. உன் மடியில்தானே அவளுக்குக் காது குத்தினது. குத்தும்போது அவள் வீல் என்று அலறினாள், உன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தூசி விழுந்துடுச்சு மாமா என்றாய். நான் அதையும் நம்பினேன்.

நான் உன்னிடம் வராதவன். நான் செய்த பாவத்துக்கு அவளை எடுத்துவிட வேண்டாம் என்று சொல்லு.

கதவு திறந்தது. எழுதிக்கொண்டிருந்த காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன், இப்போது புதுக் காகிதத்தில் எழுதுகிறேன்.

பெரிய டாக்டர் வந்தார். உள்ளே நன்றாகப் பரவியிருந்ததாம், கழுவி எடுத்திருக்கிறார்களாம். இரண்டு நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும், ஜுரம் இறங்கினால் பயமில்லை என்றார். இன்னும் அரை நாள் தள்ளிக் கூட்டிவந்திருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது என்றும் சொன்னார். நான் அவர் காலில் விழப் போனேன், அவர் தள்ளிக்கொண்டார். இன்னும் முடியவில்லை, தெரியும். இரண்டு நாள் இருக்கிறது. ஆனாலும் உயிரோடு இருக்கிறாள் மச்சான்.

அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதே பெஞ்சில் உட்கார்ந்தோம், அதே இடைவெளியில். உன் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவன் என்ன சொன்னான்?"

சொன்னேன். உடம்பு சரியில்லை, வந்துவிட்டுப் போங்கள் என்றான் என்று என் பாஷையில், என் குரலில், மென்று விழுங்கிச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"அப்படி இல்ல. அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க. உங்களுக்குத்தான் வருமே."

அத்தனை பந்தியில் செய்தவனுக்கு அந்த இடத்தில் செய்ய முடியவில்லை. அந்தக் குரலில் அழுகை வரக் கூடாதே, வந்தால் அது உன் குரல் இல்லையே. தண்ணீர் குடித்தேன், மூச்சை இழுத்துப் பிடித்தேன். எதிர்ச் சுவரில் ஓர் ஆணியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"மாமா, நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு. நீங்க வரீங்களா. அவசரம் இல்ல."

பக்கத்துப் பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு சாதாரணமாக இருந்தது. உன் அக்கா கண்ணை மூடிக் கேட்டாள், நீ மோட்டார் சத்தம் கேட்பாயே, அப்படி. பிறகு கண்ணைத் திறந்தாள்.

"பொறந்ததுல இருந்து அவன் யாரையும் வரீங்களான்னு கேட்டதே இல்ல. உங்களுக்கு அது தெரியலியா?"

தெரியவில்லை மச்சான். நான் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். கால் ஒடிந்தபோதுகூட நீ யாரையும் கூப்பிடவில்லை, நாங்களாகத்தான் வந்தோம். வீடு கடலோடு போன அன்றும் வா என்று சொல்லவில்லை. உன் ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவை ஒருவனைக் கூப்பிட்டாய், அது நான். உன் அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். என்னை மன்னித்தாளா என்று கேட்காதே. இந்தக் கடிதத்தை அடிக்கலாமா என்று கேட்டதற்கு, அடிங்க என்றாள். எதையும் மறைக்காமல் அடிங்க என்றாள்.

சற்று முன் ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். கயல் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்தாள். எப்படிம்மா இருக்கு என்றேன். "ம், இருக்கேம்ப்பா" என்றாள். உன் வார்த்தை, உன் தொனி. வெளியே போகச் சொன்னபோது என் விரலைப் பிடித்துக்கொண்டே, "நீங்க வேணா ஊருக்குப் போங்க. கடை இருக்குல்ல" என்றாள்.

நான் போகவில்லை. இந்தப் பெஞ்சில்தான் இருக்கிறேன். கடைக்குப் போகும் நாளில் முதல் வேலையாக அந்த மாணவியின் பக்கத்தை எடுத்து, அந்தச் சொல்லுக்குக் கீழே இன்னொரு எடுத்துக்காட்டு அடித்து வைப்பேன்: ‘அவன் ஒரே தொனியில்தான் கூப்பிட்டான்; நான் போகவில்லை.’ வேண்டாம் என்றால் அவள் நீக்கிவிடட்டும். உன்னைப் போலப் பேசிக் காட்டுவது இன்றோடு சரி, கடைசித் தடவை உன் அக்காவுக்குச் செய்தேன்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். இனி என் காதில் யார் ‘அவசரம் இல்லை’ என்று சொன்னாலும், மழை பெய்தாலும் சரி, முதலில் செருப்பைப் போட்டுக்கொண்டு அப்புறம்தான் என்ன விஷயம் என்று கேட்பேன்.

இப்படிக்கு,
நீ ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, வராமல் போன
உன் அக்கா புருஷன், உன் மாமா.